குளிர்பெட்டியில் இடம் கிடைக்காத 600 பாட்டில்கள்: ஒரு நன்னாரி இஞ்சி பீரின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில், கத்தரி வெயில் நேரத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்பது எல்லோருமாக எடுத்த முடிவு. நான் குளிர்பான ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் இருந்தவன். இப்போது சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். இந்தச் சம்பவத்தில் என் தவறும் ஒன்று உண்டு. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

தொழிலை நடத்துவது ஓர் அக்காவும் தம்பியும். தம்பி பெங்களூருவில் ஒரு ப்ரூபப்பில், அதாவது தானே பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் பப்பில், நான்கு வருடம் வேலை பார்த்தவர். 2009-இல் புனேயில் தூலல்லி, 2010-இல் பெங்களூரு இந்திராநகரில் டாய்ட் என்று தொடங்கிய கிராஃப்ட் பீர் அலை சென்னைக்குள் வரவில்லை. இங்கே சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கும் கடைக்கு உரிமம் கிடையாது. சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. வீட்டுச் சூழ்நிலையால் ஊர் திரும்பிய தம்பி, கற்ற கைப்பக்குவத்தை வீணாக்க மனமில்லாமல், மது இல்லாத இஞ்சி பீர் செய்யலாம் என்று இறங்கினார். கணக்கும் விற்பனையும் அக்கா. உதவிக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன்.

இஞ்சி பீர் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றியது. அதைப் புளிக்க வைக்கும் கூழ் போன்ற கட்டி என்ன என்று 1892-இல் ஹாரி மார்ஷல் வார்டு ஆராய்ந்து, ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒன்றை ஒன்று அண்டி வாழும் கூட்டம் அது என்று எழுதினார். நம் வீட்டு இட்லி மாவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே கூட்டாளித்தனம்தான். இவர்கள் துருவிய இஞ்சியும் சர்க்கரையும் போட்டு ஒரு ஜாடியில் வளர்த்ததை ‘இஞ்சித் தாய்’ என்று கூப்பிடுவார்கள். கொதிக்க வைத்து ஆறிய இஞ்சித் தண்ணீரில் சர்க்கரை, எலுமிச்சை சேர்த்து, தாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி, இரண்டு நாள் கழித்துப் பாட்டிலில் அடைப்பார்கள். ஒரு நாள் வெளியே நிற்கும். அப்புறம் குளிர்பெட்டிக்குள்.

ஒரு தடவைக்கு 60 பாட்டில். வாரச் சந்தை ஒன்றிலும் இரண்டு கஃபேக்களிலும் பத்து நாளுக்குள் தீர்ந்துவிடும். ஒன்றரை வருடம் ஒரு புகாரும் இல்லை. லேபிளில் ‘ஆல்கஹால் இல்லை’ என்று பெரிதாகவே போட்டிருந்தார்கள். அதை எந்த ஆய்வகத்திலும் அளந்து பார்த்ததில்லை. நானும் அளக்கச் சொன்னதில்லை.

அழைப்பும் மாற்றங்களும்

பெங்களூருவில் மே மாதக் கடைசி சனி, ஞாயிறில் ஒரு கிராஃப்ட் பீர் திருவிழா. தென்னிந்தியாவின் சின்னச் சின்ன ப்ரூவரிகள் புதிதாகக் காய்ச்சியதைக் கொண்டுவந்து வைப்பார்கள். மாம்பழம், கேழ்வரகு, காபி என்று அந்தந்த ஊர்ப் பொருளைப் போட்டு வரும் பீர்களுக்கு அங்கே கூட்டம் நிற்கும். குடிக்காதவர்களுக்கும் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே இவர்களுக்கு ஒரு ஸ்டால். சும்மா இஞ்சி பீர் போதாது, சென்னையிலிருந்து புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். தம்பி நன்னாரியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

600 பாட்டில், 330 மி.லி. அளவில். இதற்காக ஒரே நேரத்தில் நான்கு விஷயங்கள் மாறின. இஞ்சித் தாய் இவ்வளவுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்று பயந்து, பெங்களூரு நண்பரிடமிருந்து பீர் ஈஸ்ட் பாக்கெட் வரவழைத்தார் தம்பி. வாசம் போகாமல் இருக்க, நன்னாரி சர்பத்தை நொதித்த பிறகு, அடைப்பதற்குச் சற்று முன்பு சேர்த்தார். புதுப் பாட்டில் வர பத்து நாள் ஆகும் என்பதால் பழைய பாட்டில் மண்டியில் வாங்கிக் கழுவினார்கள். குளிர்பெட்டியில் 200-க்கு மேல் இடமில்லாததால், கிளம்பும் வரை எல்லாமே ஷெட்டில் கிரேட்டோடு அடுக்கப்பட்டன.

இடையில் தம்பி எனக்குப் போன் செய்தார். “சார், நன்னாரி சேர்க்கலாமா?” நான் வேறொரு ஊரில், வேறொரு வேலையில் இருந்தேன். “ருசிக்குத்தானே, சேர்த்துக்கோப்பா” என்று சொல்லிவிட்டேன். எந்தக் கட்டத்தில் சேர்க்கிறாய், அதில் சர்க்கரை எவ்வளவு, எங்கே வைக்கப் போகிறாய் என்ற மூன்று கேள்விகளை நான் கேட்டிருக்க வேண்டும். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அடைத்து முடித்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் பதினோரு நாள்.

வெள்ளிக்கிழமை

வியாழன் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் பக்கத்து ஷெட் காவலாளிக்கு வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்திருக்கிறார். காலை ஏழரைக்குப் பையன் வந்து ஷட்டரைத் தூக்கியபோது தரையெல்லாம் பிசுபிசுப்பு, நான்கு பாட்டில் சில்லு சில்லாகக் கிடந்தது. ஈரத்திலிருந்து மற்ற கிரேட்டுகளை நகர்த்தலாம் என்று அவன் ஒன்றைத் தூக்கினான். ஐந்தாவது பாட்டில் அவன் கையிலிருந்த கிரேட்டிலேயே வெடித்தது. முன்கையில் ஆழமான வெட்டு. அக்கா துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி ஆட்டோவில் கொண்டுபோனார். ஐந்து தையல். முகத்துக்கும் அந்தக் கிரேட்டுக்கும் இடையில் ஒரு முழ தூரம்தான் இருந்தது என்று அவன் பிற்பாடு கையால் காட்டினான்.

நான் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டியது. முதலில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினேன். அடைத்த அன்று ருசி பார்க்க நான்கு பாட்டிலை அவர்கள் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அவை செவ்வாய் இரவிலிருந்தே குளிரில் இருந்தவை, அதனால் ஷெட்டில் உள்ளதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உள்ளே இருந்து ஒன்று வேண்டும். பைக் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி, வெல்டிங் கையுறை போட்டு, ஓரக் கிரேட்டிலிருந்து மூன்றை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

ஒரு மணி நேரம் குளிர்ந்த பிறகு ஒன்றின் மூடியை லேசாக நெம்பினோம். முக்கால் பாட்டில் நுரையாகவே வெளியே வந்தது. முதலில் நன்னாரி வாசம், அடியில் பேக்கரி வாசலில் வருமே, அந்த வாசம். ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கணக்கு

மீதியை இரண்டு டம்ளரில் டீ ஆற்றுவது போல நுரை அடங்கும்வரை ஆற்றி, கேஸ் போன பிறகு, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டோம். தண்ணீருக்கு அது 1.000 காட்டும். சர்க்கரை கூடினால் எண் ஏறும், நொதித்தால் இறங்கும். அன்று காட்டியது 1.030. தம்பியின் நோட்டில் முதல் நாள் 1.030, இரண்டு நாள் நொதித்த பிறகு 1.027, சர்பத் சேர்த்து அடைத்தபோது 1.037 என்று இருந்தது. நோட்டு எழுதும் பழக்கம் அவரிடம் இருந்ததால்தான் இந்த ஆய்வை எழுத முடிகிறது. 1.037-லிருந்து 1.030-க்கு இறங்கிய அந்த ஏழு புள்ளிதான் மூன்றே நாளில் மூடிய பாட்டிலுக்குள் தின்னப்பட்ட சர்க்கரை. நொதித்து முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்த பானத்தில் உயிருள்ள ஈஸ்ட் இருந்தது. அதற்குச் சாப்பாடாகச் சர்பத்தை ஊற்றி மூடியிருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பானத்தில் ஒரு லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் அதை ஒரு வால்யூம் என்போம். ஒரு வால்யூம் உண்டாக லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை நொதித்தால் போதும். சாதாரண லாகர் பீரில் இரண்டரை வால்யூம் இருக்கும். பீர் பாட்டிலை 3 வால்யூமுக்கு மேல் நம்பக் கூடாது என்பது தொழில் வழக்கு. எங்கள் கணக்கில் உள்ளே நாலே கால் வால்யூமுக்குக் குறையாமல் இருந்தது. அதுவும் எத்தனை கை மாறிய பாட்டிலோ, கழுத்தில் கீறல் விழுந்தவை நிறைய.

வெயிலின் பங்கு இதற்கு மேல். 4 வால்யூம் கேஸ் உள்ள பாட்டிலுக்குள் 4 டிகிரி குளிரில் சுமார் 2.7 வளிமண்டல அழுத்தம் இருக்கும். அதே பாட்டில் 35 டிகிரிக்கு வந்தால் 6.8-ஐ நெருங்கும். புதிதாக ஒரு துளி கேஸ் உண்டாகாமலே அழுத்தம் இரண்டரை மடங்கு. கோலி சோடாவில் கேஸ் சிலிண்டரிலிருந்து அளந்து போகிறது, அளவு நம் கையில் இருக்கிறது. நொதித்த பானத்தில் கேஸ் உள்ளேயே பிறக்கிறது. சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் இருக்கும்வரை அது ஓயாது. ஒன்றரை வருடம் இவர்களைக் காப்பாற்றியது குளிர்பெட்டி. செய்முறையே காப்பாற்றுகிறது என்று நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம்.

கொட்டுவதா, காப்பாற்றுவதா

அவசரமான முடிவு, ஷெட்டில் இருப்பதை வெடிக்காமல் அடக்குவது. ஐஸ் பார் வரவழைத்தோம். கிரேட்டுகள் மேல் நனைத்த கோணிகளைப் போர்த்தி, அதற்கு மேல் உடைத்த ஐஸைப் பரப்பினோம். பாட்டில் மேல் நேராகப் பனித்தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றேன். சூடேறிய கண்ணாடி சட்டென்று குளிர்ந்தாலும் விரிசல் விடும். குளிர்வதற்குள் மூன்று வெடித்தன. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சத்தம் நின்றது.

அடுத்த கேள்வியில்தான் வாக்குவாதம். தம்பி சொன்னது இது: மூடியைத் திறந்து கேஸை விட்டு, மறுபடி மூடி, குளிர் வண்டியில் பெங்களூரு கொண்டுபோய்விடலாம். போவதே பீர் திருவிழாவுக்கு, கொஞ்சம் ஆல்கஹால் இருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ருசியும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரத் தூக்கத்தை இதில் போட்டவர். அவர் அப்படிப் பேசியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கணக்குப்படி பாட்டிலுக்குள் உண்டான ஆல்கஹால் 0.9 சதவீதம், அதற்கு முன் தொட்டியில் 0.4. மொத்தம் 1.3 சதவீதம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறையில், 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மதுபானம் செய்வதும் எடுத்துச் செல்வதும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் குற்றம். ஓசூர் தாண்டும்வரை அந்த வண்டி முழுக்கக் கள்ளச் சரக்கு என்றுதான் பொருள்.

சட்டத்தை நான் சொன்னேன். ஆனால் தம்பியை நிறுத்தியது அக்காவின் வார்த்தை. “டேய், வண்டி ஓட்டணும்னு குடிக்காம இருக்கறவன் நம்ம ஸ்டாலுக்கு வருவான். மாசமா இருக்கற பொண்ணு வருவா. லேபிள நம்பித்தானே வாங்குவாங்க?” தம்பி அதற்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஓப்பனரை எடுத்து வந்தார்.

ஆய்வகத்துக்கு இரண்டை மட்டும் ஐஸில் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஹெல்மெட் மாட்டிய தலையோடு ஒன்றொன்றாகத் திறந்து கொட்டினோம். முடிய இரவு பதினொன்று ஆனது. ஆய்வக முடிவுக்குக் காத்திருந்திருக்கலாமே என்று கேட்கலாம். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஷெட்டில் ஆபத்து கூடும். முடிவு எப்படி வந்தாலும் அந்தப் பாட்டில்களை யார் கையிலும் கொடுக்க முடியாது. அதனால் காத்திருக்கவில்லை.

பழைய பாட்டில் சொன்னது

மாதிரி கொடுக்கும்போது, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த வழக்கமான இஞ்சி பீர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான், வேறு எண்ணமில்லை. செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. நன்னாரி 1.3 சதவீதம். பழைய இஞ்சி பீர் 0.7.

வெடித்ததைவிட இதுதான் எங்களைக் கனமாகத் தாக்கியது. ஒன்றரை வருடமாக ‘ஆல்கஹால் இல்லை’ என்று விற்றது வரம்புக்கு மேல் இருந்திருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் காரணம் எளிமையானது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது கேஸும் ஆல்கஹாலும் சேர்ந்தே வருகின்றன, ஒன்றை விட்டு ஒன்று வராது. 0.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் சர்க்கரை நொதிக்கக் கூடாது. அதில் கிடைக்கும் கேஸ் 2 வால்யூம், லாகர் பீரைவிடக் குறைவு. சோடா மாதிரி சுர்ரென்று 4 வால்யூம் வேண்டுமென்றால், அதை நொதித்தலில் மட்டுமே எடுப்பதாக இருந்தால், ஆல்கஹால் 1 சதவீதத்தைத் தொட்டுவிடும். வாடிக்கையாளர்கள் ‘நல்ல கேஸ்’ என்று பாராட்டியபோதே அந்தப் பாராட்டுக்குள் இந்த எண் இருந்திருக்கிறது.

அன்று மாலையே இரண்டு கஃபேக்களிலிருந்தும் பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள். வாரச் சந்தையில் தொடர்ந்து வாங்குபவர்களின் போன் எண்கள் அக்காவிடம் இருந்தன. எல்லோருக்கும் நேரடியாகச் சொல்வது என்று முடிவு செய்தார். பெரும்பாலோர் ‘பரவாயில்லைம்மா’ என்றார்கள். ஒருவர் மட்டும் வெகு நேரம் பேசவில்லை. குடியை விட்டு இரண்டு வருடம் ஆனவர். சாயங்கால நேரத்துக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று வாரம் நான்கு பாட்டில் வாங்கிப் போனவர். “நீங்க சொன்னதுக்கு நன்றி” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பெங்களூருவில்

போவதா வேண்டாமா என்பதில் அக்காவுக்குத் தயக்கம், எனக்கும்தான். தம்பி அமைப்பாளர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். பாட்டில் இல்லாமல் கெக்கில் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) கொண்டுவரலாம், ஆய்வக முடிவோடு வாருங்கள் என்றார்கள். மூன்று நாள் இருந்தது.

ஈஸ்ட்டே வேண்டாம் என்று முடிவு. இஞ்சியைக் கொதிக்க வைத்து, நன்னாரி வேரை அந்தச் சூட்டிலேயே ஊறவைத்து வடிகட்டி, எலுமிச்சை சேர்த்து, 2 டிகிரிக்குக் குளிர வைத்து, பெங்களூரு நண்பர் கொடுத்த 20 லிட்டர் கெக்குகள் ஐந்தில் சிலிண்டர் கேஸ் ஏற்றினார்கள். 10, 11 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரண்டரை வால்யூம். ஆய்வகத்தில் ஆல்கஹால் அளவிடும்படி இல்லை.

இரண்டு நாளில் 70 லிட்டர் போனது. ஸ்டாலில் ‘நொதிக்க வைக்காதது’ என்று அட்டை எழுதி வைத்தார் அக்கா. பக்கத்து ஸ்டாலில் கோதுமை பீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓசூர்க்கார ப்ரூவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “நன்னாரி நேரா வருதுப்பா. ஆனா நடுவுல ஒரு வெத்திடம் இருக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த பேக்கரி வாசனை இருக்க வேண்டிய இடம் அது.

மாறியவை

பாட்டில், பொருள், ஐஸ், ஆய்வகம், பையனின் மருத்துவச் செலவு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 70,000 ரூபாய் போயிற்று. பையனுக்கு மூன்று வாரச் சம்பளம் வேலை செய்யாமலே கொடுத்தார்கள். காயம் ஆறிய பிறகு அவன் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. கண்ணாடி கிரேட்டைப் பார்த்தாலே கை பின்னுக்குப் போகிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

ஜூலையில் மறுபடி தொடங்கியபோது செய்முறை தலைகீழானது. இஞ்சித் தாயை மட்டும் வைத்து லேசாக நொதிக்க விடுகிறார்கள். ஹைட்ரோமீட்டரில் இரண்டு புள்ளி இறங்கியதும் 72 டிகிரிக்குச் சூடேற்றி ஈஸ்டைக் கொன்றுவிட்டு, குளிர வைத்து, கேஸை வெளியிலிருந்து ஏற்றுகிறார்கள். வாசம் நொதித்தலிலிருந்து, கேஸ் சிலிண்டரிலிருந்து. அந்த ஓசூர்க்காரர் சொன்ன வெற்றிடம் இப்போது பாதியாவது நிரம்பியிருக்கிறது. நன்னாரி சேர்ப்பது சூடேற்றுவதற்கு முன்புதான். பழைய பாட்டில் மண்டிப் பக்கமே போவதில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலிலும் அடைத்து, 37 டிகிரியில் ஏழு நாள் வைக்கிறார்கள். தினமும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது அக்காவின் வேலை. கல் மாதிரி இறுகினால் அந்தத் தொகுப்பு வெளியே போகாது. இந்தப் பெட் பாட்டில் சோதனை அன்றைக்கே இருந்திருந்தால், புதன்கிழமை காலையிலேயே தெரிந்திருக்கும். பையன் கையில் தையல் விழுந்திருக்காது. முதல் நாளே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது அது.

என் பக்கத்தில், செய்முறையில் என்ன மாற்றமானாலும் போனில் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். முழுச் செய்முறையையும் எழுதி அனுப்பச் சொல்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், இரண்டாவதற்கு அடுத்த தொகுப்பு.

‘ஆல்கஹால் இல்லை’ என்ற வரி லேபிளிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் ‘0.5 சதவீதத்துக்குள்’ என்ற எண்ணும் தொகுப்பு எண்ணும் இருக்கின்றன. இதுவரை மூன்று தொகுப்புகளுக்கு ஆய்வக முடிவு வந்திருக்கிறது: 0.3, 0.2, 0.3. மூன்று தாளையும் குடியை விட்ட அந்த வாடிக்கையாளருக்கு அக்கா அனுப்பி வைத்தார். இது முழுக்கப் பூஜ்யம் இல்லை, அதனால் நீங்கள் வாங்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்று கூடவே எழுதியிருந்தார். சிலிண்டர் கேஸில் செய்த அந்தக் கெக் நன்னாரி கிடைக்குமா என்று அவர் கேட்டிருக்கிறார். அவருக்காக வாரம் நான்கு பாட்டில் அதைத் தனியாக அடைக்கிறார்கள்.